பன்னிரண்டு வாரம் கொடுங்கள்: நுரையீரல் இடைத்திசு நோய்ப் பயிற்சி குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆகியோருக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு, நுரையீரல் இடைத்திசு நோய்களில் பன்னிரண்டு வாரம் நேரடி மருத்துவமனைப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பயிற்சிக்கு எந்த மருத்துவரையும் தனியாக அனுப்பக் கூடாது. அவருடைய மருத்துவமனையிலிருந்தே ஒரு கதிரியக்க மருத்துவர், ஒரு நோய்க்குறியியல் மருத்துவர், மூச்சுத்திறன் பரிசோதனை செய்யும் ஒரு தொழில்நுட்பர் ஆகியோரையும் சேர்த்து நால்வராக அனுப்ப வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் பன்னிரண்டு வாரம், ஏன் நால்வர் என்பதைத்தான் இனி விரிவாக எழுதுகிறோம்.

இந்த நுரையீரல் இடைத்திசு நோயைத்தான் ஐ.எல்.டி. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்கிறோம். அது ஒரே நோய் அன்று. நுரையீரலின் காற்றுப் பைகளுக்கும் இரத்த நாளங்களுக்கும் இடையே உள்ள மெல்லிய திசு வீங்கியோ தழும்பேறியோ போகும் இருநூறுக்கும் மேற்பட்ட நோய்களின் கூட்டுப் பெயர் அது. நோயாளி சொல்வதோ பெரும்பாலும் இரண்டே தொல்லைகள்: மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் நிற்கவே மாட்டேன் என்கிறது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த நோய் என்று பிரித்தாக வேண்டும். ஏனென்றால் ஒன்றுக்கு உயிர் காக்கும் மருந்து இன்னொன்றில் உயிரை எடுக்கும். ஸ்டீராய்டு மருந்தான பிரட்னிசோலோன், அசத்தியோபிரின், அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய்க்கு, அதாவது ஐ.பி.எஃப்.-க்கு, பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த பாந்தர் ஆய்வில் அந்தக் கூட்டு மருந்தை எடுத்தவர்களிடையே இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடுதலாக இருந்ததால், 2011-ல் அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2012-ல் வெளியாயின. அதே ஸ்டீராய்டு, ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சியில் தொடக்கக் கட்டத்தில் நல்ல பலன் தருகிறது. ஆகவே பெயர் சரியாக வைக்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது இந்த நோய்களில் பெரும் ஆபத்து.

நம் நாட்டு நோயாளிகளின் நிலவரம் என்ன? இந்திய ஐ.எல்.டி. பதிவேடு 2012 மார்ச் முதல் 2015 ஜூன் வரை 19 நகரங்களில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்தது. அவர்களில் 47.3 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. மூட்டுவாதம் போன்ற இணைப்புத்திசு நோய்களால் வந்தது 13.9 சதவீதம், ஐ.பி.எஃப். 13.7 சதவீதம். ஒவ்வாமை அழற்சி கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். மேலை நாட்டுப் பாடநூலைப் படித்துவிட்டு வரும் முதுநிலை மாணவர் ஐ.பி.எஃப்.-ஐ முதலில் நினைக்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கோ, வீட்டில் உள்ள ஏதோ ஒன்றை அப்புறப்படுத்தினாலே நோய் நிற்கக்கூடும்.

தமிழ்நாட்டு நெஞ்சக மருத்துவத்துக்குப் பெரிய மரபு இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் 1928-ல் தொடங்கியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது. அந்த மரபில் வளர்ந்தவர்கள் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இருமல், எடைக்குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் என்றால் கை தானாகவே காசநோய் மருந்தை எழுதிவிடுகிறது. சளியில் கிருமி இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையிலும் இல்லை என்று வந்த பிறகும் "எதற்கும் ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்போம்" என்பது நடக்கிறது. அந்த ஆறு மாதத்தில் தழும்பு கூடிவிடுகிறது, கூடிய தழும்பு திரும்பக் கரைவதில்லை. காசநோய் பெரும்பாலும் மேல் மடலைப் பிடிக்கும், ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். தழும்பு நோய்களில் முக்கியமானவை இரண்டு பக்கமும் அடிப்பகுதியைப் பிடிக்கும். முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னால், ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போன்ற மெல்லிய நறநறச் சத்தம் மூச்சிழுப்பின் கடைசியில் கேட்கும். சட்டையைக் கழற்றி முதுகில் கேட்காமல் மார்பில் இரண்டு இடம் வைத்து முடித்துவிட்டால் கேட்காது. இதைச் சொற்பொழிவில் கற்பிக்க முடியாது. ஐம்பது முதுகில் காதால் கேட்டால்தான் வரும்.

கேள்வி கேட்பதிலிருந்தே பயிற்சி தொடங்க வேண்டும். புதிய நோயாளி ஒருவருக்கு நாற்பது நிமிடம் தேவை. "புறா வளர்க்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஜன்னல் விளிம்பில், ஏசியின் வெளிப்பெட்டி மேல் புறா உட்காருகிறதா, எச்சத்தை யார் கழுவுகிறார்கள்?" என்று கேட்க வேண்டும். வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பவருடைய வீட்டில், கூண்டைச் சுத்தம் செய்வது அவருடைய மனைவியோ தாயோ என்றால் நோய் அந்தப் பெண்ணுக்குத்தான் வரக்கூடும். கூலரில் தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், உள்ளே இருக்கும் வைக்கோல் மெத்தையில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஓதமேறுகிறது, வைக்கோல் போரைப் பிரிப்பது யார், தென்னை நார்க் கழிவு, காளான் குடில், கோழிப் பண்ணை, கரும்புச் சக்கை இவற்றில் எதில் வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "பதினெட்டு வயதிலிருந்து என்னென்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். இன்று காவலாளியாக இருப்பவர் இருபது ஆண்டு கல்குவாரியில் துளை போட்டிருப்பார். கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். கண்டுபிடித்த மருத்துவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர். எந்தப் படிவம், யாருக்கு அனுப்புவது என்பது பயிற்சியிலேயே கற்றுத்தர வேண்டிய செய்தி. அறிவிக்காவிட்டால் அந்தத் தொழிலாளிக்கு இழப்பீடு கேட்க ஆதாரமே இருக்காது.

மூட்டுவாதப் பக்கமும் இப்படித்தான். பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து நீலமாகிறதா? காலையில் விரலை மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது? கண்ணில் மணல் போட்டது போல் உறுத்துகிறதா? சோறு இறங்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறதா? தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா? இந்த ஐந்து கேள்விகள் விலை உயர்ந்த ஆன்டிபாடி பரிசோதனைகளில் பாதியைத் தேவையற்றதாக்கும், மீதியைச் சரியான ஆளுக்கு எழுத வைக்கும். பிறகு மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்ல வேண்டும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், சிறுநீர்த் தொற்றுக்கு மாதக் கணக்கில் போகும் நைட்ரோஃபுராண்டாயின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கான பிளியோமைசின் ஆகியவை நுரையீரலைக் கெடுக்கக்கூடியவை.

அடுத்தது நுரையீரலை மெல்லிய வெட்டுகளாகப் படமெடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன். எந்த மருத்துவமனையானாலும் சிக்கல் இங்கேதான் அதிகம். நெஞ்சு சி.டி. என்று மட்டும் எழுதினால் மருந்து ஏற்றி, தடிமனான வெட்டுகளாக எடுத்துத் தந்துவிடுவார்கள். ஐ.எல்.டி.-க்குத் தேவையானது மருந்து ஏற்றாத ஸ்கேன், வெட்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டருக்கு மிகாமல். முழுமையாக மூச்சிழுத்து நிறுத்திய நிலையில் ஒன்று, மூச்சை வெளியே விட்ட நிலையில் ஒன்று, குப்புறப் படுத்த நிலையில் ஒன்று என மூன்று முறை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மூச்சை அரைகுறையாக இழுத்தால் நுரையீரல் முழுவதும் மங்கிய கண்ணாடி போலத் தெரியும், அதை அழற்சி என்று எழுதி ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்கம் நுரையீரல் தன் எடையாலேயே அமுங்கி வெள்ளையாகும், குப்புறப் படுத்ததும் அது மறைந்தால் நோய் இல்லை, மறையாமல் இருந்தால் நோய். மூச்சை வெளியே விட்ட படத்தில் சில பகுதிகள் கறுப்பாகவே தங்கினால் சிறு மூச்சுக்குழல்களில் காற்று சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வாமை அழற்சியைச் சுட்டும் முக்கியமான தடயம் அதுதான். வெளிமூச்சுப் படமே எடுக்காத மருத்துவமனையில் நம் நாட்டின் முதன்மையான ஐ.எல்.டி. கண்ணில் படாமலே போகும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம். மேசையில் படுப்பதற்கு முன் நோயாளிக்குத் தமிழில் மூன்று முறை மூச்சுப் பழக்கம் கொடுக்கும் ஒரு தொழில்நுட்பர் போதும்.

படத்தை எங்கே பார்க்கிறோம் என்பதும் முக்கியம். இருபது படங்களை ஒரே ஃபிலிம் தாளில் அச்சிட்டு, அதை ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பது இன்று பரவலாக நடக்கிறது. அந்தப் படத்தில் தேன்கூடு போன்ற தழும்பையும் காற்றுப் பைகள் சிதைவதால் நுரையீரல் ஓரத்தில் வரும் எம்ஃபிசிமா குமிழ்களையும் பிரிக்கவே முடியாது. தேன்கூட்டின் அறைகளுக்குச் சுவர் தடிமனாக இருக்கும், பக்கத்தில் தழும்பு மூச்சுக்குழலை இழுத்து விரித்திருக்கும், கீழ் மடலில் அதிகமாக இருக்கும். இவற்றைக் கணினித் திரையில், வெட்டுக்கு வெட்டு உருட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்கேனின் மூலக் கணினிக் கோப்பான டைகாம் கோப்பைக் குறுந்தகட்டிலோ சர்வரிலோ காப்பாற்றி வைக்காவிட்டால், ஓராண்டு கழித்து நோய் முற்றியிருக்கிறதா என்று ஒப்பிடப் பழைய படமே இருக்காது.

மூச்சுத்திறன் பரிசோதனைக்கு ஏன் தொழில்நுட்பரையும் பயிற்சிக்கு அழைக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. தழும்பு முற்றுகிறது என்று சொல்வதற்கு 2022-ம் ஆண்டு பன்னாட்டு வழிகாட்டுதல் தரும் அளவுகோல்களில் ஒன்று: ஓராண்டுக்குள் எஃப்.வி.சி. அளவு, அதாவது ஆழ இழுத்து வேகமாக முழுவதும் வெளியே ஊதும் காற்றின் அளவு, அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் 5 சதவீதப் புள்ளிகள் குறைய வேண்டும். குட்டையான ஒரு பெண்ணுக்கு எதிர்பார்க்கப்படும் அளவு 2.4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் 120 மில்லி. ஒரே நாளில் ஊதிய சிறந்த இரண்டு ஊதல்களுக்கு இடையே 150 மில்லி வரை வேறுபாடு இருக்கலாம் என்று பரிசோதனைத் தரமே அனுமதிக்கிறது. அதாவது தொழில்நுட்பர் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று இறுதிவரை ஊக்கப்படுத்தாமல் விட்டாலே, நோய் முற்றிவிட்டதாகக் காகிதம் சொல்லும். மாதம் ஆயிரக்கணக்கில் செலவாகும் மருந்து அந்தக் காகிதத்தை நம்பித்தான் தொடங்குகிறது. உயரத்தைச் செருப்போடு அளப்பது, ஒரு முறை ஒரு இயந்திரத்திலும் அடுத்த முறை வேறு ஒன்றிலும் ஊதச் சொல்வது, இடையில் ஒப்பீட்டுச் சமன்பாட்டை மாற்றுவது என்று இவை ஒவ்வொன்றும் பொய்யான ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும்.

நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனை இன்னும் நுட்பமானது. நோயாளி மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, சிறு அளவு கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை வேகமாக, தன் முழுக் கொள்ளளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இழுத்து, பத்து நொடி அடக்கி, பிறகு விட வேண்டும். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே நான்கு நிமிடமாவது இடைவெளி வேண்டும், ஒரே அமர்வில் ஐந்து முறைக்கு மேல் கூடாது, ஏற்கத்தக்க இரண்டு அளவுகள் 2 அலகுக்குள் ஒத்துப்போக வேண்டும். காலையில் இயந்திரத்தை மூன்று லிட்டர் சிரிஞ்சால் சரிபார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, நோயில்லாத, புகைக்காத ஒரு ஊழியரையே ஊத வைத்து அளவு மாறாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அதிகம் மறக்கப்படுவது ஹீமோகுளோபின் திருத்தம். இரத்தச் சோகை இருந்தால் வாயுவைப் பிடித்துக்கொள்ள இரத்தத்தில் ஆள் குறைவு, ஆகவே நுரையீரல் நன்றாக இருந்தாலும் அளவு குறையும். பெண்களுக்கான திருத்தம்: ஹீமோகுளோபினோடு 9.38-ஐக் கூட்டி, ஹீமோகுளோபினை 1.7-ஆல் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். ஹீமோகுளோபின் 8 உள்ள பெண்ணுக்கு அது 17.38-ஐ 13.6-ஆல் வகுப்பது, அதாவது சுமார் 1.28. வந்த அளவை அதால் பெருக்கினால், காகிதத்தில் 50 சதவீதம் என்று வந்தது உண்மையில் 64 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்தால் குறைவு நடுத்தரம், இரண்டாவதைப் பார்த்தால் லேசானது. அந்தப் பெண்ணுக்கு முதலில் தேவையானது இரும்புச்சத்தாகவும் இருக்கலாம்.

ஆறு நிமிட நடைப் பரிசோதனைக்கு 30 மீட்டர் நேர் நடைபாதை வேண்டும். உறவினர்கள் உட்கார்ந்திருக்கும் வார்டு வராந்தாவில் நோயாளி வளைந்து வளைந்து நடந்தால் தூரம் குறையும். காலை ஏழு மணிக்கு, புறநோயாளிகள் வருவதற்கு முன் வைத்துக்கொண்டால் இடப் பிரச்சினையே இல்லை. நடக்கும்போது முழு நேரமும் ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும், முடிந்த பிறகு மட்டும் பார்த்தால் இறங்கியது தெரியாது. விரல் வெளுக்கும் நோய் உள்ளவரிடம் விரல் நுனிக் கருவி பொய் சொல்லும். அவருக்கு நெற்றியிலோ காது மடலிலோ பொருத்தும் கருவி வேண்டும். இதில் இதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழலுக்குள் விடும் கேமராக் குழாய் வழியாக நுரையீரலைக் கழுவி எடுப்பதில் செல் கணக்கு முக்கியம். ஸ்கேனில் எந்தப் பகுதி அதிகம் பாதிக்கப்பட்டிருக்கிறதோ அங்கே, மொத்தம் 100 முதல் 300 மில்லி உப்பு நீரை மூன்று முதல் ஐந்து பங்காகச் செலுத்தி மெல்ல உறிஞ்ச வேண்டும். குறைந்தது 30 சதவீதமாவது திரும்பி வருவது நல்லது. வேகமாக உறிஞ்சினால் மூச்சுக்குழல் சுவர் மடிந்து ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது. வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 15 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒவ்வாமை அழற்சிக்கு வலுவான சான்று. எடுத்த நீரை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 4 டிகிரியில் வைக்க வேண்டும். பல இடங்களில் அந்த நீர் கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் போகிறது, செல்களை எண்ணுவதே இல்லை. எண்ணத் தெரிந்தவர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தும் அவரிடம் யாரும் கேட்பதில்லை. நோய்க்குறியியல் மருத்துவரும் கூட வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நுரையீரல் திசுவை உறைய வைத்து எடுக்கும் உறைநிலைப் பயாப்சி, அதாவது கிரையோ பயாப்சி பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளம் மருத்துவர்கள் பயிற்சி என்றதும் முதலில் கேட்பது அதைத்தான். மூச்சுக்குழலில் குழாய் பொருத்தி, இரத்தம் பெருகினால் அடைக்கத் தயாராகப் பலூன் வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே நுரையீரல் உறைக்கு ஒரு சென்டிமீட்டர் இப்பால் கருவியை நிறுத்தி, சில நொடி உறைய வைத்து இழுக்கும் வேலை அது. உறைக்கு மிக அருகே போனால் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசியும், மிக உள்ளே நிறுத்தினால் பெரிய நாளம் கிழிந்து இரத்தம் கொட்டும். 2022-ம் ஆண்டு வழிகாட்டுதலும் அனுபவமுள்ள மையங்களில் செய்யலாம் என்றே பரிந்துரைக்கிறது. எல்லாக் கல்லூரியிலும் இதைத் தொடங்க வேண்டாம். மாநிலத்தில் இரண்டு மூன்று இடங்கள் போதும். பயிற்சிக்கு வருபவர் கற்க வேண்டியது, யாருக்கு இது தேவையே இல்லை என்பதை. ஸ்கேனில் தெளிவான தழும்பு வடிவம், பொருத்தமான வயது, வேறு காரணம் இல்லை என்றால் திசு எடுக்காமலே ஐ.பி.எஃப். என்று முடிவு செய்யலாம்.

இத்தனையும் ஒரே மேசைக்கு வருவதுதான் கூட்டுக் கலந்தாய்வு. நெஞ்சக மருத்துவர், கதிரியக்க மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர், மூட்டுவாத மருத்துவர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுப்பது. உலகம் முழுவதும் ஐ.எல்.டி.-யில் மிக நம்பத்தக்க பரிசோதனை இந்தப் பேச்சுதான் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு அல்லது ஐந்து நோயாளிகள். முதலில் நோயாளியின் வரலாறு, பிறகு எண்கள், பிறகு திரையில் ஸ்கேன், கடைசியில் திசு. கதிரியக்க மருத்துவர் வரலாறு தெரியாமல் ஒருமுறையும், தெரிந்த பின் ஒருமுறையும் கருத்துச் சொல்வது நல்ல பழக்கம். முடிவில் நோயின் பெயரோடு எவ்வளவு உறுதி என்பதையும் எழுத வேண்டும்: 90 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் உறுதி, 70 முதல் 89 வரை என்றால் வலுவான தற்காலிக முடிவு, 51 முதல் 69 வரை என்றால் வலுவற்ற தற்காலிக முடிவு, அதற்குக் கீழே என்றால் இப்போதைக்கு வகைப்படுத்த இயலாதது. "இயலாதது" என்று எழுதத் துணிவதும் பயிற்சிதான். மூன்று மாதம் கழித்து அதே நோயாளி மீண்டும் மேசைக்கு வருவார். மூத்த பேராசிரியர் ஒருவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே பயிற்சி மருத்துவரே முதலில் பேச வேண்டும் என்று விதியாகவே வைக்க வேண்டும்.

சிகிச்சைப் பகுதியில் கை பழக வேண்டியவை சில. தழும்பைத் தாமதப்படுத்தும் மருந்துகள் பிர்ஃபெனிடோனும் நின்டெடனிப்பும். பிர்ஃபெனிடோன் 200 மில்லிகிராம் மாத்திரையை வேளைக்கு ஒன்று என்று தொடங்கி, வாரம் வாரம் ஏற்ற வேண்டும், எப்போதும் சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், நோயாளி இரண்டே நாளில் நிறுத்திவிட்டு வராமல் போய்விடுவார். வெயிலில் தோல் கறுத்து எரியும் என்று முன்கூட்டியே சொல்லி, முழுக்கைச் சட்டையும் குடையும் பரிந்துரைக்க வேண்டும். வயல் வேலைக்குப் போகிறவருக்கு இது சிறிய விஷயம் இல்லை. கல்லீரல் பரிசோதனை முதல் ஆறு மாதம் மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சிப்ரோஃபிளாக்சசின் கொடுத்தால் இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். நின்டெடனிப் 150 மில்லிகிராம் இரண்டு வேளை, வயிற்றுப்போக்குக்கு லோபரமைடு கையோடு கொடுத்தனுப்ப வேண்டும், கருவுற்றவர்களுக்குக் கூடாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுடன் சேர்ந்தால் இதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். காசநோய் மருந்து பரவலாகப் புழங்கும் நம் மாநிலத்தில் இது ஒவ்வொரு மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரட்னிசோலோன் 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஒரு மாதத்தைத் தாண்டினால் நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சைத் தொற்றைத் தடுக்க கோ-டிரைமாக்சசோல் யோசிக்க வேண்டும். பிர்ஃபெனிடோனும் நின்டெடனிப்பும் நோயைக் குணப்படுத்தாது, தழும்பின் வேகத்தைக் குறைக்கும். அதை நோயாளியிடம் சொல்லும் மொழியையும் கற்றுத்தர வேண்டும். "நல்லாயிடும்" என்று சொல்லி அனுப்பினால் மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

மூச்சுத் திணறல் முற்றியவருக்கு வீட்டு ஆக்சிஜன், எட்டு வாரத்துக்குக் குறையாத மூச்சு மறுவாழ்வுப் பயிற்சி, குறைந்த அளவு மார்ஃபின், தகுதியுள்ளவரை உறுப்பு மாற்றுக்கு முன்கூட்டியே அனுப்புவது ஆகியவையும் பாடத்தில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு, இயன்முறை சிகிச்சை இரண்டும் வீட்டு வாசலுக்கே போகின்றன. ஐ.எல்.டி. நோயாளியை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு பரிந்துரைக் கடிதம் போதும். எழுதும் வழக்கம்தான் இல்லை.

இனி ஏற்பாட்டுக்கு வருகிறோம். முதுநிலை மாணவர்களை மாவட்ட மருத்துவமனைகளுக்கு மூன்று மாதம் அனுப்பும் முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. அதே கால அளவைத் தான் நாங்களும் கேட்கிறோம், நிர்வாகத்துக்குப் புதிய பழக்கம் இல்லை. நெஞ்சக மருத்துவருக்குப் பன்னிரண்டு வாரம். கதிரியக்க, நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கும் தொழில்நுட்பருக்கும் இரண்டு வாரம் போதும், அதுவும் ஒரே இரண்டு வாரமாக, அவர்களுடைய நெஞ்சக மருத்துவர் அங்கே இருக்கும்போதே. சேர்ந்து கற்றவர்கள் ஊர் திரும்பிய பிறகும் ஒருவரை ஒருவர் தேடிப் போவார்கள். ஒரு முறைக்கு நான்கு கல்லூரிகளுக்கு மேல் வேண்டாம். ஸ்கேன் திரைக்கு முன்னால் நான்கு நாற்காலிதான் போட முடியும்.

முதல் மூன்று வாரம் கருவி எதையும் தொடாமல் வரலாறு கேட்பது, முதுகில் கேட்பது, தினமும் காலை ஒரு மணி நேரம் ஸ்கேன் வாசிப்பது. பிறகு பரிசோதனைக் கூடம், மூட்டுவாதப் புறநோயாளிப் பிரிவில் வாரம் ஒரு நாள், பிராங்கோஸ்கோப்பி. கடைசி மூன்று வாரம் மருந்துத் தொடர் கண்காணிப்பு, ஆக்சிஜன், மறுவாழ்வு. முடிக்கும்போது பதிவேட்டில் நாற்பது முழு வரலாறு, அறுபது ஸ்கேன் வாசிப்பு, தன் கையால் செய்த பதினைந்து டி.எல்.சி.ஓ., பதினைந்து கழுவல் இருக்க வேண்டும். தேர்வு எழுத்தில் வேண்டாம். முதல் நாளும் கடைசி நாளும் அதே இருபத்தைந்து ஸ்கேன்களை வாசிக்கச் சொல்லுங்கள். என்ன மாறியது என்று அவருக்கே தெரியும்.

பயிற்சி மையம் எது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஒரு நிபந்தனை மட்டும்: மூட்டுவாதப் பிரிவும் நோய்க்குறியியல் பிரிவும் அதே வளாகத்தில் இருக்க வேண்டும், அல்லது அந்த மருத்துவர்கள் வாரம் ஒரு நாள் அங்கே வந்து உட்கார ஆணை இருக்க வேண்டும். நெஞ்சக மருத்துவமனைகள் பல, காசநோய்க் காலத்தில் ஊருக்கு வெளியே கட்டப்பட்டவை, மற்றத் துறைகள் அங்கிருந்து தொலைவு.

இந்தத் திட்டம் எப்படித் தோற்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். போனவருக்குப் பதில் ஆள் போடாவிட்டால், இரண்டாம் வாரமே டியூட்டிக்குத் திரும்ப அழைத்துவிடுவார்கள். பயிற்சி முடித்தவரை அடுத்த பணியிடமாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்கு மாற்றினால் நால்வர் அணி உடைந்துவிடும். மூன்று ஆண்டுக்காவது அவர்களை அசைக்கக் கூடாது. இவற்றைவிட முக்கியம், ஊர் திரும்பிய பிறகு ஓராண்டுக்கு வாரந்தோறும் காணொலிக் கலந்தாய்வு தொடர வேண்டும், ஒவ்வொரு கல்லூரியும் மாதம் ஒரு நோயாளியையாவது அதில் வைக்க வேண்டும். அதற்கு டைகாம் கோப்பு ஏற்றும் வசதியும், வியாழனோ வெள்ளியோ, யாரும் வேறு வேலை தராத ஒரு மணி நேரமும் வேண்டும். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்து முதல் அணிகளைத் தேர்ந்தெடுத்தால் நல்லது என்பது எங்கள் எண்ணம். குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரியும், பஞ்சும் நூலும் பறக்கும் திருப்பூரும், கோழிப் பண்ணைகள் சூழ்ந்த நாமக்கல்லும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

தொழிற்சூழல் கேள்விப் பட்டியல், பயிற்சிப் பதிவேட்டுப் படிவம், ஸ்கேன் மேசையில் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய மூச்சுக் கட்டளைகள் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் அன்றே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
அரசு நெஞ்சக மருத்துவப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களும் தொழில்நுட்பர்களும்